தலைவருக்கு ஒரு யொரூபாப் பட்டம்

எங்கள் ஒன்றியத் தலைவர் இராசரத்தினத்துக்குப் பட்டங்கள் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் அவருடைய விசிட்டிங் கார்டில் பெயர் போட இடமில்லாமல் போய்விட்டது. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. முன்பக்கத்தில் செந்தமிழ்ச் சுடர், சமூகச் செம்மல், சேவைச் சிகரம், பண்பின் பெட்டகம் என்று நாலும் இருக்கும். பெயர் பின்பக்கத்தில். கார்டைத் திருப்பிப் பார்க்காதவர்கள் அது நாலு பேருடைய கார்ட் என்றுதான் நினைத்தார்கள்.

வடலிக்குளம் மக்கள் ஒன்றியம், கனடா. இதுதான் எங்கள் சங்கத்தின் முழுப்பெயர். எங்களுக்குப் போட்டியாக ஐக்கிய வடலிக்குளம் மக்கள் ஒன்றியம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் பிரிந்தது கொள்கை முரண்பாட்டால். ஒரு மேடையில் இரண்டு நடுக்கதிரை போடமுடியாது என்பதே அந்தக் கொள்கை. ஆனாலும் இலையுதிர்காலத்தில் எங்கள் தலைவர் அவர்கள் தலைவருக்குப் பொன்னாடை போர்த்துவார்; வசந்தத்தில் அவர் இவருக்குப் போர்த்துவார். பொன்னாடை ஒன்றுதான், இடையில் ட்ரை கிளீனிங்குக்குப் போய்வரும்.

ஒன்றியத்துக்கு மில்லிக்கனில் ஒரு பிளாசாவில், மீன்கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை உண்டு. அந்த அறையில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் என் மனைவி யோகராணியின் சனிக்கிழமை வகுப்பு. லைசென்சுக்கான எழுத்துப் பரீட்சைக்குப் பெண்களைத் தயார்செய்யும் வகுப்பு அது. ஊரில் சைக்கிளில் பறந்து திரிந்த பெண்கள் இங்கே வந்து பனியில் பஸ்ஸுக்கு நின்று விறைக்கிறார்கள், கார்ச் சாவியோ புருசன்மாரின் பொக்கற்றில் சூடாக இருக்கிறது. இதைக் கண்டால் யோகராணிக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் சிவப்பு விளக்கு, மஞ்சள் கோடு, பள்ளிக்கூட பஸ் என்று எல்லாவற்றையும் தமிழில் விளங்கப்படுத்தி, ஆங்கிலத்தில் பாடமாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடை முடியும் நேரம், ஒரு சனிக்கிழமை நான் அவளைக் கூட்டிவரப் போனபோது தலைவர் அளவுநாடாவோடு நின்றார். கூடவே செயலாளர் நீக்கிலாஸ் நாடாவின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

"கதிரை ஒண்டு வருது, செல்வரட்ணம்," என்றார் தலைவர். "சிங்க முகம் வைச்ச கதிரை. இனி உது தலைவர் பணிமனை. தங்கச்சி வகுப்பை வேற எங்கையும் வைக்கட்டும். வீட்டில வைக்கலாம்தானே, குசினியில?"

யோகராணி வாயைத் திறக்கப்போவது எனக்குத் தெரிந்தது. அவள் திறந்தால் தலைவர் அன்றைக்கே பூட்டுப் போட்டுவிடுவார். கதையை மாற்ற ஏதாவது சொல்லவேண்டும் என்ற பதற்றத்தில், அன்று வேலையிடத்தில் கேட்டதை உளறிவிட்டேன்.

"அண்ணை, என்னோட வேலை செய்யிற நைஜீரியாப் பெடியன்ர ஊர் ராசா ரொறன்ரோ வாறாராம்."

அளவுநாடா படக்கென்று சுருண்டு உள்ளே போனது. "ராசாவோ? நடப்பு ராசாவோ?"

"ஓம் அண்ணை. யொரூபா ஆக்கள். கிரீடம், மேளம் எல்லாம் இருக்காம். நல்லது செய்த வெளியாக்களுக்கும் பட்டம் குடுக்கிறவராம்."

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்துவிட்டது. தலைவர் என் தோளில் கைபோட்டுக் கண்ணாடி யன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஐசே, இஞ்ச சங்கங்கள் தாற பட்டம் எல்லாம் என்ன பட்டம்? அவர் எனக்குத் தாறார், நான் அவருக்குக் குடுக்கிறன். ராசா தாறது அப்பிடியே? அது பரம்பரை. என்ர பேரப்பிள்ளையளும் போடலாம். நீர் உதை எடுத்துத் தாரும். அறையை உம்மட மனுசியே வைச்சிருக்கட்டும். ஏலாதெண்டால் சொல்லும், அடுத்த மாசம் கதிரை வந்திடும்."

வீட்டுக்குப் போகும் வழியில், ஸ்டீல்ஸ் சந்தியில் யோகராணி வாயைத் திறந்தாள். "இஞ்சாருங்கோ, சந்திரவதனாவுக்கு விட்பியில வேலை வந்திருக்கு. பஸ் இல்லாத இடம். லைசென்ஸ் இல்லாட்டி அந்த வேலை இல்லை. எனக்கு உந்தாளின்ர பட்டத்தில ஒரு சதத்துக்கும் மரியாதை இல்லை. ஆனா எடுத்துக் குடுங்கோ."

சந்திரவதனா அவளுடைய வகுப்பிலேயே கெட்டிக்காரி, பயந்தாங்கொள்ளியும் அவள்தான். பரீட்சைக்குப் போய் உட்கார்ந்ததும் படித்ததெல்லாம் மறந்துபோகிறவள்.

திங்கட்கிழமை மிசிசாகாவில், நாங்கள் பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில், அந்த நைஜீரியாப் பெடியன் ஒலுமிடேயிடம் விசயத்தைச் சொன்னேன். அவன் வாளிகளை அடுக்கிக்கொண்டே சிரித்தான். அவன் ஆங்கிலத்தில் சொன்னதை என் வாயால் சொல்கிறேன்.

"எங்கட ஓபா, அதுதான் ராசா, தனிய நினைச்சுப் பட்டம் குடுக்கேலாது. கூட வாற சபை ஓமெண்டு சொல்லவேணும். உங்கட தலைவர் என்ன செய்திருக்கிறார்?"

"நிறையப் பட்டம் வாங்கியிருக்கிறார்."

"வாங்கினது சரி. செய்தது?"

நான் ஒரு வாளியை எடுத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். ஒலுமிடே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, வரவேற்புக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வா, சபை பார்க்கட்டும் என்றான். முதலில் முறைகளைப் பழக்கித் தருவதாகவும் சொன்னான்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலுமிடே எங்கள் அறைக்கு வந்து, நிர்வாகசபை முன்னிலையில் நிலத்தில் நெஞ்சு படக் குப்புற நீட்டி நிமிர்ந்து படுத்தான். "ஆம்பிளையள் ஓபாவை இப்பிடித்தான் வணங்கவேணும். தொப்பி, தலைப்பாகை ஒண்டும் இருக்கக்கூடாது. கைகுடுக்கக் கூடாது."

தலைவர் எழுந்தார்.

"நான் கோயில்லயே கை மட்டும்தான் கூப்பிறனான். சாமிக்கும் என்னைத் தெரியும்."

ஆனால் பட்டம் வேண்டுமே. இது தொடர்பாக ஓர் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் விழலாம், ஆனால் விழுந்தார் என்று கூட்டக்குறிப்பில் பதியக்கூடாது, குனிந்தார் என்றே பதியவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். பின்னர் கம்பளத்தில் ஒத்திகை நடந்தது. செயலாளர் நீக்கிலாஸ் முன்மாதிரியாக விழுந்தார், இடுப்புப் பிடித்துக்கொண்டது, கூட்டத்தின் மிச்சத்தை அவர் அங்கே படுத்தபடியே எழுதினார்.

ஒத்திகை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது தலைவர் ஒலுமிடேயிடம் ராசாவைப் பற்றி விசாரித்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"ராசாவை ஆர் தெரிவுசெய்யிறது?"

"ராச குடும்பத்தில பலபேர் இருப்பினம். அதில ஆரெண்டு பார்க்கிறதுக்குப் பெரியாக்களின்ர சபை இருக்கு."

"வந்தாப்போல அந்தச் சபையைக் கலைச்சு விடலாம்தானே?"

"ஏலாது. அவையைக் கேளாமல் பெரிசா ஒண்டும் செய்யேலாது."

"பொம்பிளையள் கரைச்சல் குடுக்கிறேல்லையோ?"

"அவைக்குத் தனித் தலைவி. இயாலோடே எண்டு சொல்லுவம். அவ சபையில இருந்து ராசாவை நேர கேள்வி கேப்பா."

"பாவம்," என்றார் தலைவர். அது மனப்பூர்வமாக வந்தது.

"இன்னொண்டு, ஓபா சனத்துக்கு முன்னால சாப்பிடுறேல்லை."

இதைக் கேட்டுத் தலைவர் ஆடிப்போனார். கையிலிருந்த ரோல்ஸைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பேந்து என்னத்துக்கு ராசாவா இருக்கிறது? என்ன பலவீனமான அமைப்பு ஐசே! எங்கட யாப்பை நான் தனிய இருந்து எழுதினனான். தலைவரை மாத்திற பக்கமே அதில இல்லை. உவைக்கு ஒரு பிரதி குடுத்து உதவவேணும்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஒலுமிடே என்ன சொன்னார் என்று கேட்டான். உங்கள் ஊரின் மேல் அக்கறைப்படுகிறார் என்றேன்.

வரவேற்பு நோர்த் யோர்க்கில் ஒரு விருந்து மண்டபத்தில், மத்தியானத்துக்குப் பிறகு. எங்கள் பக்கம் கூட்டம் தெரியவேண்டும் என்பதற்காக, யோகராணியின் வகுப்பு முழுவதும் குடும்பத்தோடு வரவேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டிருந்தார். அவர்களும் காஞ்சிபுரப் பட்டில் வந்திறங்கினார்கள். மண்டபத்துக்குள் போனால், ஒலுமிடேயின் ஊர்க்காரர் எல்லோரும், கிழவர் முதல் கைக்குழந்தை வரை, ஒரே நீலத் துணியில் தைத்த உடுப்பு. ஒரு குடும்பத்துக் கொண்டாட்டத்துக்கு எல்லோரும் ஒரே துணி எடுப்பது அவர்கள் வழக்கமாம். தலைவர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "என்ர படத்தை அச்சடிச்சு எங்கட சனத்துக்கும் உப்பிடித் தைக்கலாம்," என்று நீக்கிலாசிடம் சொல்லி, குறித்துக்கொள்ளவும் வைத்தார்.

ராசா உயரக் கதிரையில் இருந்தார். மணிகள் கோத்த கூம்புக் கிரீடம், அதிலிருந்து முகத்தை மறைத்து மணிச்சரங்கள் தொங்கின. ராசாவாக வருமுன் றெயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவராம். அவர் மெதுவாகச் சொல்வதைப் பக்கத்தில் நின்ற ஒருவர் உரத்துச் சொன்னார். மற்றப் பக்கத்தில் ஒரு பருத்த அம்மா, தலையில் பெரிய துணிக்கட்டு, கழுத்தில் பவளம். அவதான் இயாலோடே என்று ஒலுமிடே காட்டினான். ஒவ்வொருவரும் உள்ளே வரும்போது கக்கத்தில் இடுக்கிய மேளத்தைத் தட்டி ஒருவர் அவர்களுடைய புகழைச் சொன்னார். மேளம் சொல்லும், சனம் விளங்கிக்கொண்டு சிரிக்கும், கைதட்டும். அப்படியொரு வித்தை.

மேளக்காரர் ஒலுமிடே மூலம் என்னைக் கேட்டார், உங்கள் தலைவருக்கு என்ன அடிக்க? நான் பட்டங்களைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பேர் வேண்டாம், ஆள் செய்த காரியம் ஒன்று வேண்டும். நான் யோசித்தேன். யோகராணியைப் பார்த்தேன், அவள் முகட்டைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல், மீன்கடைக்குப் பக்கத்தில் அறை வைத்திருக்கிறார் என்றேன். மேளம் அதையே சொல்லியிருக்கவேண்டும், ஏனென்றால் நீலத் துணிக்காரரில் ஒரு பெண் எழுந்து மீன் என்ன விலை என்று ஒலுமிடேயைக் கேட்டா.

தலைவர் தீர்மானத்தின்படி குனிந்தார். அதாவது மரம் விழுவதுபோல விழுந்தார். எழும்பும்போது இரண்டுபேர் பிடிக்கவேண்டியிருந்தது. பிறகு அவர் என்னிடம் சைகை காட்டினார், நான் நிறைகுடத்தைக் கொண்டுவந்தேன்.

இந்த நிறைகுடம் தலைவரின் சொந்த யோசனை. தமிழ்ப் பண்பாட்டின்படி ராசாவை வரவேற்று, குடத்தைத் தன் கையால் ராசாவின் கையில் கொடுத்து, அந்தப் படத்தைப் பத்திரிகையில் போடவேண்டும். பித்தளைக் குடம், பிளாஸ்ரிக் மாவிலை, மேலே மஞ்சள் பூசிய தேங்காய். தண்ணீர் மட்டும் இல்லை. "தண்ணி விட்டால் பாரம், படத்தில கை நடுங்கும். தேங்காய்க்குக் கீழ ஆர் பார்க்கப்போறாங்கள்?" என்று காலையில் தலைவர் கேட்டார். ஊரில் எந்த நிறைகுடத்துக்குள்ளும் யாரும் எட்டிப் பார்த்ததில்லை, ஆகவே நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

தலைவர் குடத்தை நீட்டினார். கமெரா மின்னியது. ராசா கையால் எதையும் நேரே வாங்குவதில்லை. இயாலோடே எழுந்து வாங்கினா. வாங்கியவ பாரத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினா. தேங்காயைத் தூக்கினா. உள்ளே பார்த்தா.

மேளம் நின்றது. நீலத் துணிச் சனம் முழுவதும் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. ராசாவுக்கு விசிறிய பெடியன் விசிறியைக் கீழே போட்டான்.

"என்ன மச்சான்?" என்று ஒலுமிடேயைக் கேட்டேன்.

அவன் என் காதுக்குள் சொன்னான். "முந்தி எங்கட ஓயோ ராச்சியத்தில, ராசா சரியில்லையெண்டால் சபைத் தலைவர் அவருக்கு ஒரு வெறும் சுரைக்குடுக்கை அனுப்புவார். சனம் உன்னை வேண்டாமெண்டுது, நீ போ எண்டு அர்த்தம். போறதெண்டால் அரண்மனையை விட்டில்லை, உயிரை விட்டு."

அறை போச்சு, வகுப்பு போச்சு, சந்திரவதனாவின் விட்பி வேலை போச்சு, மிசிசாகா வேலையும் மிஞ்சுமோ தெரியாது என்று நினைத்தேன். நான் தலைவரின் காதில் விசயத்தைச் சொன்னேன். அவர் கலங்கவில்லை. "பிழை மொழிபெயர்ப்பில எண்டு சொல்லும்," என்றார்.

அப்போது மணிச்சரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ராசாதான். அதுவரை மற்றவர் வாயால் பேசிக்கொண்டிருந்தவர் தானே ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார்.

"நான் வந்து இன்னும் மகள் வீட்டுச் சோறுகூடச் சரியாச் சாப்பிடேல்லை, அதுக்குள்ள போகச் சொல்லுறியள்," என்றார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. "வெறும் பாத்திரத்தோட ஒருத்தரையும் திருப்பி அனுப்பக்கூடாது. ஆனால் இதை நான் நிரப்பேலாது, இது உங்கட பாத்திரம். இவரைத் தலைவரா வேணுமெண்டுறவை ஆளுக்கு ஒரு கிளாஸ் தண்ணி ஊத்துங்கோ. நிரம்பட்டும், பட்டத்தைப் பற்றிச் சபை யோசிக்கும்."

"அது உங்கட பழைய வழக்கமோ?" என்று நான் கேட்டேன்.

"இல்லை. இப்பதான் தொடங்குது. எல்லா வழக்கமும் ஒரு நாள் தொடங்கினதுதானே?"

தலைவருக்கு முகம் மலர்ந்தது. இவ்வளவு சுலபமா! குடத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் சனத்துக்கு முன்னால் நின்றார். ஒவ்வொரு மேசையிலும் தண்ணீர்ச் சாடி இருந்தது. ஒருவரும் அசையவில்லை. உபதலைவர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் தன் கிளாஸில் கோக் இருப்பதை உயர்த்திக் காட்டினார். நீக்கிலாஸ் எழுந்தார், இடுப்பைப் பிடித்தார், இருந்தார்.

"என்ர மக்கள் வெக்கப்படுறவை," என்று தலைவர் ராசாவுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகு தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு, "என்ன பார்த்துக்கொண்டிருக்கிறியள்? உங்களுக்கு வாக்குப் போடுற கரைச்சலை நான்தானே இவ்வளவு காலமும் தீர்த்து வைச்சனான்! உங்களுக்குக் கஷ்டம் வரக்கூடாதெண்டுதானே தேர்தலே வைக்காமல் இருந்தனான்!" என்றார்.

அதற்குப் பிறகும் ஒரு சொட்டு விழவில்லை. தலைவர் முறையாக ஒரு உரை ஆற்றினால் சனம் இளகும் என்று தீர்மானித்தார். உரைக்கு இரண்டு கையும் வேண்டும். பக்கத்தில் நின்ற யோகராணியிடம் குடத்தைக் கொடுத்தார்.

"பிடியும் தங்கச்சி. பேரன்பு மிக்க..."

அவர் 'பெருமக்களே' என்று முடிக்குமுன் ஒரு கதிரை பின்னால் நகர்ந்தது. சந்திரவதனா. பரீட்சை மேசையில் எல்லாம் மறந்துபோகிற அதே சந்திரவதனா, சாடியோடு வந்தாள். அவசரத்தில் பாதி வெளியே சிந்தியது, மிச்சத்தைக் குடத்துக்குள் விட்டாள். "அக்கா, நல்லாப் பிடியுங்கோ," என்றாள். அவளுக்குப் பின்னால் வகுப்பு எழுந்து வந்தது. அவர்களுக்குப் பின்னால் புருசன்மார், சிலர் மனைவியின் முழங்கை பட்டும் சிலர் தாமாகவும். நீக்கிலாஸ் இடுப்பை மறந்து நடந்துவந்தார். உபதலைவர் ஊற்றிவிட்டு, தலைவரைப் பார்த்து, கை தவறிவிட்டது என்றார். மேளம் தொடங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன, என்ர மனுசிதானே. நானும் ஊற்றினேன்.

குடம் தளும்பியபோது இயாலோடே வந்து யோகராணியின் தோளைப் பிடித்துத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினா. யோகராணி குடத்தை மடியில் வைத்தபடி திகைத்துப்போய் இருந்தாள்.

"ராசா, உது செல்லாது!" என்றார் தலைவர். "எங்கட யாப்பில உப்பிடி ஒண்டு இல்லை."

"எங்கட யாப்பிலயும் இல்லை," என்றார் ராசா.

பட்டம் யாருக்கும் கிடைக்கவில்லை. சபை இன்னும் யோசிக்கிறதாம். ஆனால் அடுத்த வாரம் கூடிய ஒன்றியப் பொதுக்கூட்டம் யோகராணியைத் தலைவியாக்கியது. இராசரத்தினத்தார் எதிர்ப்புத் தெரிவித்தார், ஊற்றியது குழாய்த் தண்ணீர் என்றும் தமிழ்ப் பண்பாட்டில் அது கணக்கில் வராது என்றும் வாதாடினார். பிறகு வெளியேறி, உண்மையான வடலிக்குளம் மக்கள் ஒன்றியம் என்று ஒன்றைத் தொடங்கினார். அதில் இன்றுவரை பிளவு ஏற்படவில்லை, உறுப்பினர் அவர் ஒருவர்தான். சிங்கமுகக் கதிரை வந்தது. யோகராணி அதைப் பின்னுக்குப் போட்டு, வகுப்புக்கு வரும் பெண்களின் குளிர்க்கோட்டுகளை அதில் போடவைத்தாள். சந்திரவதனா பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டு வந்து, பிளாசா வாசலிலேயே யோகராணியைக் கட்டிப்பிடித்து அழுதாள். மீன்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

பனிக்காலம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, கதவு திறந்தது. இராசரத்தினத்தார் நின்றார். தோளில் பனி, மூக்குச் சிவந்திருந்தது. இவ்வளவு காலமும் நிர்வாகசபையில் யாராவது ஒருவர் அவரைக் காரில் ஏற்றி இறக்குவது வழக்கம். இப்போது ஏற்ற ஆளில்லை. வீட்டம்மா மகள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று நச்சரிக்கிறாவாம்.

"தங்கச்சி, எனக்கும் லைசென்ஸ் இல்லை," என்றார், மிகவும் மெதுவாக.

பெண்கள் கோட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடம் விட்டார்கள். கதிரை அவருக்கு அளவாகத்தான் இருந்தது. யோகராணி பாடத்தைத் தொடர்ந்தாள். எண்கோணச் சிவப்புப் பலகையைத் தூக்கிக் காட்டி, புதிதாக வந்தவர் என்பதால் அவரையே கேட்டாள்.

"அண்ணை, உதைக் கண்டால் என்ன செய்யவேணும்?"

அவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். சால்வை இல்லாத தோளைச் சரிசெய்தார். "பேரன்பு மிக்க சகோதரிகளே, வீதி ஒழுங்கு என்பது நம் முன்னோர்..."

"நிப்பாட்டவேணும், அண்ணை," என்றாள் யோகராணி. "கதைக்கத் தேவையில்லை. நிப்பாட்டினாக் காணும்."